கேன்சல் என்று சொன்னால் ஆயிற்றா?

மாசிலாமணி என் மாமனார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினான். கழற்றினவன் அப்படியே விட்டுவிட்டு உள்ளே வரவில்லை. குனிந்து, இரண்டையும் ஜோடி சேர்த்து, மற்றவர்கள் செருப்பை மிதிக்காமல் சுவரோரமாக ஒதுக்கி வைத்தான். அந்த ஒழுக்கம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

குடித்துவிட்டு வருவான், சட்டைப் பித்தானைத் திறந்துபோட்டுக்கொண்டு வருவான் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அப்படி வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! வந்தவனோ வெளுத்த அரைக்கைச் சட்டை, படிய வாரிய தலை, மணிக்கட்டில் கடியாரம். பக்கத்தில் வந்தபோது வாசனை சோப்பு மணந்தது. நானும் அன்று இரண்டு தரம் குளித்திருந்தேன். என்ன செய்து என்ன? கோணி நாற்றமும் மசி நாற்றமும் என்னைவிட்டுப் போகிற ஜாதி இல்லை.

அவன் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் மனைவி கன்னியம்மாவுக்கு, எனக்கு முன்னால் பரிசம் போட்ட மாப்பிள்ளை. அந்தச் சம்பந்தம் நின்றுபோய், அதற்கப்புறம் வந்தவன்தான் நான். எங்களுக்குக் கல்யாணமாகி, ஒரு பெண்குழந்தையும் பிறந்து, அது என் இடுப்பில் உட்கார்ந்து மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிற நாளில் அவனை நாங்களே வரவழைத்திருந்தோம். கூப்பிடப் போன ஆளும் நானேதான்.

இப்படி ஒரு பேஜாரு வேறு எந்தப் புருஷனுக்காவது வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அத்தனைக்கும் வேர், கேன்சல் என்கிற ஒரு இங்கிலீஷ் வார்த்தை.

எங்கள் வாய்க்கு வந்த விதம்

நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவன். இங்கிலீஷ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டது மூட்டைகளின்மேல். கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் எனக்கு மார்க் போடுகிற வேலை. ரயிலேற வருகிற மூட்டை, பெட்டி எல்லாவற்றின்மேலும் அது போகவேண்டிய ஊரின் பெயரைக் கறுப்பு மசியால் குறிக்க வேண்டும்.

கோணி புதிதாக வராது. பெஜவாடாவிலிருந்து அரிசி கொண்டுவந்த கோணியில் இங்கே புளியைக் கட்டிச் சேலத்துக்கு அனுப்புவார்கள். அதனால் முதல் வேலை, பழைய ஊரை அடிப்பது. "பழசெல்லாம் கேன்சல் பண்ணிட்டியா?" என்று கிளார்க் கத்துவார். ஒன்றை அடிக்காமல் விட்டுவிட்டால் புளி பெஜவாடாவுக்குப் போய்ச் சேரும். நான் இயற்கையிலேயே பயந்த சுபாவம். எல்லோரும் ஒரு கோடு போட்டால் நான் கோட்டின்மேல் கோடு போட்டு, காய்ந்தபிறகு திரும்பி வந்து பார்ப்பேன். அப்போதும் பழைய எழுத்து அடியில் மங்கலாகத் தெரிகிற மாதிரியே இருக்கும்.

ஆனால் ஷெட்டுக்கு வெளியே இந்த வார்த்தை பரவியது, பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடிய வருஷத்தில். அந்த வருஷம் பூராவும் கேன்சல்தான். ரயில் கேன்சல். கப்பல் கேன்சல். சினிமா இரண்டாம் ஆட்டம் கேன்சல். ராயபுரம் ஸ்டேஷனில் நின்று திரும்பி வந்தவர்கள் அந்த ஒரு வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அப்புறம் அது எங்கள் ஜனங்கள் வாயில் பட்ட பாட்டைக் கேட்க வேண்டுமே! கடல் கொந்தளித்தால், "இன்னிக்கு வலை கேன்சல்." கடையில் புளி இல்லையென்றால், "கொழம்பு கேன்சல், சும்மா துன்னு." குழந்தை தூங்காமல் அழுதால் என் மாமியார், "ஒன் தூக்கம் கேன்சல்னா என் தூக்கமுமாடி கேன்சலு?" என்பாள்.

ஏன் அந்த வார்த்தை அத்தனை பிடித்துப்போயிற்று என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். நம் பேச்சில் ஒன்றை இல்லையென்று ஆக்க வேண்டுமானால் ஓர் ஆள் வேண்டும். 'நான் வரமாட்டேன்', 'எனக்கு நீ வேணாம்' என்று யாராவது வாய் திறந்து சொல்லியாக வேண்டும். கேன்சலுக்கு ஆள் வேண்டாம். மழை பெய்கிற மாதிரி அது தானாக ஆகிவிடும். யார் முகத்தையும் யாரும் பார்க்க வேண்டியதில்லை.

மாசிலாமணியும் அந்த வருஷத்தில்தான் அதைச் சொல்லி அனுப்பினான். பரிசம் போட்டுச் சில மாதங்கள்கூட ஆகவில்லை. அவன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். போகிறபோது துறைமுகத்து ஆள் ஒருவன் மூலமாகக் காசிமேட்டில் என் மாமனாருக்குச் சொல்லிவிட்டான்: "பரிசம் கேன்சல்."

என் மாமனாரும் சரி என்று விட்டுவிட்டார். ஊரே காலியாகிக்கொண்டிருக்கிற நேரத்தில் நியாயம் பேச யார் இருந்தார்கள்? பொன்னேரிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் போய் ஒண்டிக்கொண்டார்கள். அங்கேயே என்னைத் தேடிப் பிடித்து, நாலு பேரை வைத்துக் கல்யாணத்தை முடித்தார்கள். குப்பத்துக்குப் பஞ்சாயத்து பேசுகிற நாட்டார் அதில் இல்லை. அப்போது அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

நான் சாப்பிட்ட தட்டு

சண்டை முடிந்து, எல்லோரும் திரும்பி வந்து, ரேஷன் கடையில் நின்றுகொண்டிருந்த காலம். என் மச்சினி தனத்துக்கு எண்ணூர்க் குப்பத்திலிருந்து நல்ல இடம் வந்தது. பரிசத் தட்டோடு அவர்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். பெரிய நாட்டார் மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டே கையைக் குறுக்கே நீட்டினார்.

"இரு, இரு. இந்த வூட்ல மின்ன ஒரு தட்டு வந்துச்சே, அது இன்னா ஆச்சு?"

"அதான் கேன்சல் ஆயிட்ச்சே நாட்டாரே" என்றார் மாமனார்.

"ஆரு பண்ணது?"

"அவன்தான். ஆள் வுட்டுச் சொன்னான்."

"சொன்னா ஆச்சா? தட்டு திரும்பிப் போச்சா?"

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பரிசத் தட்டை வாங்கிக்கொள்வது வாயால் அல்ல, கையால். அதனால் முறிப்பதும் கையால்தான். கொடுத்தவன் சபை நடுவே வந்து, 'இந்தப் பொண்ணு எனக்கு வேணாம்' என்று சொல்ல வேண்டும். பெண் தன் இரண்டு கையாலும் தட்டைத் திருப்பித் தரவேண்டும். அது நடக்காதவரை அந்த வீட்டு வாசற்படியை இன்னொரு தட்டு தாண்டக் கூடாது.

"தட்டு எங்கம்மே?" என்று நாட்டார் என் மாமியாரைக் கேட்டார்.

மாமியார் என்னைப் பார்த்தாள். எனக்குப் புரியவில்லை. அப்புறம் உள்ளே போய் எடுத்து வந்தாள். விளிம்பில் கொடி வேலை செய்த பித்தளைத் தட்டு. கல்யாணமான நாளிலிருந்து நான் அந்த வீட்டுக்கு எப்போது போனாலும், மாப்பிள்ளைக்கென்று தனியாக எடுத்துத் துடைத்து, சோறு போட்டுத் தருவார்களே, அதே தட்டு.

ஒரு கணம் நான் அங்கே தின்ற வஞ்சிர மீன் பூராவும் நெஞ்சுக்கு ஏறி வந்தது. அவன் தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, 'என் மாமியார் வீட்டு மரியாதையே தனி' என்று ஷெட்டில் பெருமை வேறு பேசியிருக்கிறேன்.

"அப்ப என் கல்யாணம்?" என்று கேட்டேன்.

"ஒன் கல்யாணம் நடந்தது நடந்ததுதான் நைனா" என்றார் நாட்டார். "ஆனா கொறை கீது."

எண்ணூர்க்காரர்கள் தட்டோடு திரும்பினார்கள். ஆடி பிறப்பதற்குள் குறையைத் தீர்த்தால் வருகிறோம், இல்லையென்றால் வேறு இடம் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தனம் அடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பெண்ணின் வாழ்வு இப்போது மாசிலாமணி வருவதில் நின்றது.

ஜன்னல் கம்பி

நான் ஏற்கெனவே தூக்கம் வராதவன். கதவுத் தாழ்ப்பாள் போட்டோமா என்று எழுந்து பார்க்கிற ஆள். நடந்தது நடந்ததுதான், ஆனால் குறை இருக்கிறது என்றால் எனக்கு என்ன ஆகியிருக்கும்?

மறுநாள் காதர் பாயிடம் போனேன். எங்கள் ஷெட்டுக்கு எதிரே பழங்கோணி வியாபாரம் செய்கிறவர். நாலு பாஷை தெரிந்தவர்.

"பாய், கேன்சல்னா இன்னா அர்த்தம்?"

"ரத்து."

"ரத்துன்னா?"

"ரத்துன்னா ரத்துதான்."

"அது இல்லவே இல்லாத மாதிரியா? இருந்து போன மாதிரியா?"

பாய் கோணி உதறுவதை நிறுத்தினார். "காலைல ஏதாச்சும் துன்னியா மாமு?"

அவரிடம் ஆகாது என்று எங்கள் கிளார்க்கைக் கேட்டேன். அவர் படித்தவர், பொறுமையாகச் சொன்னார். அந்தக் காலத்தில் எழுதினதை அழிக்க வழி கிடையாதாம். அதன்மேல் ஜன்னல் கம்பி மாதிரி குறுக்கும் நெடுக்கும் கோடு போடுவார்களாம். அந்தக் கம்பிக்குத்தான் முதலில் அந்தப் பெயராம். நான் ஆபீஸ் ஜன்னல் கம்பியைப் பார்த்தேன். அதற்கு அப்பால் யார்டில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"அப்ப கோட்டுக்கு அடில எழுத்து இருக்குமே சார்?"

"இருக்கும்யா. எழுதினதைத்தானே கேன்சல் பண்ண முடியும்? வெறும் காகிதத்தை எவன் பண்ணுவான்?"

அவர் நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் கன்னியம்மாவை ஜாடையாக விசாரித்தேன். "அவன் எப்டி இருப்பான்?"

"எவன்?"

"தட்டுக்காரன்."

"பரிசத்தன்னிக்குத் தலைய குனிஞ்சிகினு இருந்தேன். காலுதான் பாத்தேன்."

"கால் எப்டி?"

"ரெண்டு இருந்துச்சு" என்றாள்.

துறைமுகத்து வாசலில்

மாமனாருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டிருந்தது. மச்சான்மார் யாரும் இல்லை. நான்தான் போனேன்.

மாசிலாமணி கப்பலை விட்டுவிட்டுத் துறைமுகத்திலேயே வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தான். கப்பல் வயிற்றிலிருந்து சரக்கைத் தூக்கி இறக்குகிற யந்திரம் அது. வாசலில் டீக்கடையில் பிடித்தேன். நான் நினைத்ததைவிட உயரம். டீக்கடைக்காரன் பேச்சில், நான் விசாரிக்காமலே இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். அவனுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. அந்தச் செய்தி தேள் கொட்டின மாதிரி கடுத்தது. ஏன் ஆகவில்லை? ஆகியிருக்கலாமே! பட்டணத்தில் பெண்ணா இல்லை?

"அப்பவே கேன்சல்னு சொல்ட்டேனே தோஸ்து" என்றான்.

"நாட்டாரு ஒத்துக்க மாட்றாரு. நேர்ல வந்து தட்ட வாங்கணுமாம். மச்சினி கல்யாணம் நின்னுபோய்க் கீது."

அவன் டீயைக் குடிக்காமல் கிளாஸைச் சுற்றிக்கொண்டிருந்தான். "அன்னிக்குக் கப்பல்ல ஏறுறப்போ, திரும்பி வர்றது நிச்சயமில்ல. முழுவுன கப்பலு எத்தினி! எதுக்கு ஒரு பொண்ணு காத்துக்கினு கெடக்கணும்னுதான் சொல்லி அனுப்சேன்."

நல்லவனாக இருந்து தொலைத்தான். அதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. பணத்தாசை பிடித்து முறித்தான், திமிரில் முறித்தான் என்று இத்தனை நாள் நிம்மதியாக நினைத்துக்கொண்டிருந்தேனே.

எழுந்திருக்கும்போது கேட்டான்: "நல்லா கீதா?"

"எது?"

"இல்ல... வூடு. வூட்ல அல்லாரும்."

"அல்லாரும் நல்லா கீறோம்" என்றேன். கீறோம் என்பதை அழுத்திச் சொன்னேன்.

நம்ம பேச்சுல சொல்லு

செருப்பை ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தானே, அந்த இடத்துக்கு வருகிறேன்.

கூடம் நிறைய ஆள். எண்ணூர்க்காரர்கள் புதுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே காத்திருந்தார்கள். முறைப்படி மாசிலாமணிக்குத் தண்ணீர்கூடத் தரக்கூடாது. வெயிலில் வந்தவன் வேர்த்துப்போய் நின்றான். அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

கன்னியம்மா வந்தாள். நான் அவள் புடவையைத்தான் முதலில் பார்த்தேன். சமையலறையில் கட்டுகிற சாயம்போன சுங்குடி. பூ இல்லை. நல்லது என்று நினைத்தேன். உடனே இன்னொரு நினைப்பு வந்தது. அலங்காரம் இல்லாமலே இவள் இப்படி இருக்கிறாளே, இன்றைக்குப் பார்த்தா இப்படி இருக்க வேண்டும்?

குழந்தையை என்னிடம் தந்திருந்ததால் எனக்குக் கை கிடையாது. அவள் தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். அதன்மேல் பரிசப் புடவை, மடிப்புக் கலையாமல். ஒரு நாளும் கட்டவில்லை. கட்டவில்லை என்று சந்தோஷப்படுவதா, இத்தனை பத்திரமாக வைத்திருந்தாளே என்று வருத்தப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"சொல்லு" என்றார் நாட்டார்.

மாசிலாமணி தொண்டையைச் செருமினான். "கேன்சல்."

யாரோ சிரித்தார்கள். நாட்டார் சிரிக்கவில்லை.

"அத்தக் கப்பல்ல போய்ச் சொல்லு. இங்க நம்ம பேச்சுல சொல்லு. இந்தப் பொண்ணு எனக்கு வேணாம். அவ்ளோதான்."

அவன் வாயைத் திறந்தான், மூடினான். தரையைப் பார்த்தான். கப்பல் சரக்கை ஒரு கையால் ஆட்டிவைக்கிறவன், நாலு சொல்லைத் தூக்க முடியாமல் நின்றான். அடுப்பங்கரையில் தனம் மூக்கை உறிஞ்சுவது கூடம்வரை கேட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேன்சல் என்று அவன் சொல்லி அனுப்பியது ஊர்ப் பேச்சு வாயில் ஒட்டிக்கொண்டதனால் அல்ல. இந்தச் சொல்லைச் சொல்ல முடியாமல்தான். இன்றைக்கும் முடியவில்லை.

'சொல்லேன்டா' என்று மனசுக்குள் கெஞ்சினேன். குழந்தை என் மீசையை இழுத்த இழுப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. யாராவது பார்த்து வேறு மாதிரி நினைக்கப்போகிறார்களே என்று அதற்கும் கவலை.

கடைசியில் பேசியது கன்னியம்மா. "சொல்லுய்யா. கை வலிக்குது. அடுப்புல கொழம்பு வேற கீது."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவனும் சிரித்தான். முதல் தடவையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்து, சிரிப்போடே, "இந்தப் பொண்ணு எனக்கு வேணாம்" என்று சொல்லி, தட்டை வாங்கிக்கொண்டான்.

நான் குதித்திருக்க வேண்டும். நடந்தது வேறு. சொல்லமாட்டானா என்று அத்தனை நேரம் தவித்தவனுக்கு, சொன்ன மாத்திரத்தில் சுரீர் என்று கோபம் வந்தது. என் பெண்டாட்டியை வேண்டாம் என்று சொல்ல இவன் யார்? இத்தனை பேர் நடுவில்? அவளிடம் என்ன குறையைக் கண்டான்?

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, தட்டைக் கக்கத்தில் இடுக்கி, டோல்கேட் பக்கம் நடந்தான். எண்ணூர்த் தட்டு வாசற்படி தாண்டி உள்ளே வந்தது. அந்த வருஷம் ஆடிக்கு முன்னாலேயே தனத்துக்குக் கல்யாணம் நடந்தது. இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள்.

பாத்திரம் விளக்கும்போது

அன்று சாயங்காலம் கன்னியம்மா கிணற்றடியில் சாம்பலைத் தொட்டுப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன். மத்தியானம் எனக்கு வாழையிலையில் சாப்பாடு போட்டிருந்தார்கள். மனசு ஒருவழியாக லேசாகியிருந்தது.

"பாத்தியா? அவன் வாயாலயே சொல்ட்டான்" என்றேன்.

"ஆமா."

"சபை நடுவுல. வேணாம்னு."

"கேட்டுக்கினுதானே இருந்தேன்."

"இனிமே ஒரு கொறையும் இல்ல. அல்லாம் தீந்துச்சு."

அவள் சட்டியைக் கவிழ்த்து அடியைத் தேய்த்தாள். நன்றாகக் கரி பிடித்த சட்டி. தேய்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"அவனத்தான் சொல்லச் சொன்னீங்கோ. சொன்னான். என்னை ஒருத்தரும் கேக்கலியே."

சிரித்துக்கொண்டு சொன்னாளா என்று தெரியவில்லை. முதுகைத்தான் பார்த்தேன். தோள் லேசாகக் குலுங்கியது. சட்டி தேய்த்தாலும் அப்படித்தான் குலுங்கும்.

நாட்டார் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாயிற்று. மாசிலாமணி இருக்கிறானா, இல்லையா என்றுகூடத் தெரியாது. இனி அவளைக் கேட்க உரிமையுள்ள ஆள் நான் ஒருவன்தான். இதை எழுதுகிறபோது உள்ளே கருவாடு வறுத்துக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டால் உடனே வருவாள்.

நான் கூப்பிடவில்லை.